பம்பைக் கூட்டினால் பலம் கூடுமா?

டீசல் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். உள்ளே எது திறக்கிறது?

பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் சட்டென்று சொல்லும் விடை, காற்று வரும் வழி என்பது. பெட்ரோல் எஞ்சினில் அது சரிதான். காற்றுக் குழாயின் குறுக்கே ஒரு வட்டத் தகடு இருக்கும். மிதித்தால் அது விலகும், காற்று கூடும், கூடிய காற்றுக்கு ஏற்ற அளவில் பெட்ரோல் போய்ச் சேரும். பெரும்பாலான பழைய டீசல் எஞ்சின்களின் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் அப்படி ஒரு தகடே இருக்காது. வண்டி சும்மா நின்று உறுமும்போதும் சரி, பாரத்தோடு மலையேறும்போதும் சரி, காற்றின் வழி முழுசாகத் திறந்தே கிடக்கிறது. மிதியடி கூட்டுவதும் குறைப்பதும் டீசலை மட்டும்.

அந்த டீசலை அளந்து கொடுப்பது எஞ்சினின் பக்கவாட்டில் பொருத்தியிருக்கும் எரிபொருள் உட்செலுத்து பம்ப். பட்டறைகளில் எஃப்.ஐ.பி. என்பார்கள். மின்னணுக் கட்டுப்பாடு வருவதற்கு முந்தைய பம்புகளில் எல்லாமே திருகும் சுருள்வில்லும் நெம்புகோலும்தான். சரியான திருகைக் கொஞ்சம் நகர்த்தினால் ஒவ்வொரு தடவையும் கூடுதலாக டீசல் போகும், அதே எஞ்சின் முன்னைவிடப் பாய்ந்து இழுக்கும். பம்பைக் கூட்டி வைப்பது என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஒரு ஸ்பேனரும் அரைமணி நேரமும் போதும் என்றால், எஞ்சினைச் செய்தவர்களே ஏன் அப்படிக் கூட்டி விற்கவில்லை?

இதற்கு விடை தேட அமெரிக்காவின் கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின் நல்ல எடுத்துக்காட்டு. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு. டாட்ஜ் நிறுவனம் 1989 மாடல் முதல் இதைத் தன் பிக்கப் வண்டிகளில் வைத்தது. தொடக்கத்தில் 160 குதிரைத்திறன். 1994-ல் போஷ் நிறுவனத்தின் பி7100 என்ற தடித்த பம்ப் வந்தது. 1996 மாடலில் ஒரு விசித்திரம்: தானியங்கி கியர் வாங்கினால் எஞ்சின் 180 குதிரைத்திறன், கையால் மாற்றும் கியர் வாங்கினால் 215. எஞ்சின் ஒன்று, பம்பின் வகையும் ஒன்று, உள்ளே வைத்த அளவுதான் வேறு. இதே குடும்பத்து எஞ்சினைப் படகுக்காக விற்றபோது 370 குதிரைத்திறன் வரை கொடுத்தார்கள். அப்படியானால் இந்த எஞ்சினின் உண்மையான பலம் எது? இதைக் கேட்டுத்தான் அமெரிக்காவின் டீசல் ஆர்வலர்கள் பி7100-ன் மூடியைத் திறந்தார்கள். திறந்தவர்களில் பலருக்கு நல்ல பலன் கிடைத்தது, சிலருக்குப் பிஸ்டன் உருகியது.

பம்புக்குள் நடப்பதை முதலில் பார்ப்போம். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் இப்படி ஒரு பம்ப் இல்லை. அழுத்தமேற்றிய காற்றைக் கொண்டு எரிபொருளைச் சிலிண்டருக்குள் ஊதிவிட்டார்கள். அந்தக் காற்றுக்கென்றே தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டியிருந்தது. தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் அது ஒத்துவந்தது, லாரிக்கு ஒத்துவரவில்லை. எரிபொருளை நேராக அழுத்திப் பீய்ச்சும் சிறிய பம்பை உருவாக்க ராபர்ட் போஷ் 1922-ன் இறுதியில் முடிவெடுத்தார். 1927-ல் அது தொடர் உற்பத்திக்கு வந்தது. டீசல் எஞ்சின் சாலைக்கு வந்ததில் அந்தப் பம்புக்கு இருக்கும் பங்கை யாரும் மறுக்க முடியாது.

அதன் மூளை ஒரு சிறிய உருளையில் இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குழலும் அதற்குள் ஏறி இறங்கும் ஓர் உந்துதண்டும் உண்டு. இந்த இணையைத்தான் எலிமெண்ட் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு முதல் நான்கு பங்குதான். குழலையும் தண்டையும் ஒன்றோடு ஒன்று உரசி இழைத்தே பொருத்துவதால், ஒன்றின் தண்டை இன்னொன்றின் குழலில் போட முடியாது. தண்டு மேலே ஏறும்போது குழலின் பக்கத் துளையை மூடுகிறது. அந்தக் கணம் முதல் மேலே அகப்பட்ட டீசல் அழுந்துகிறது, நாசில் வழியாகச் சிலிண்டருக்குள் பீறிடுகிறது. தண்டின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெட்டு ஓடுகிறது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் அந்தச் சாய்வு வெட்டு பக்கத் துளைக்கு நேரே வந்து நிற்கும். அழுத்தம் அதன் வழியே கசிந்து சரியும், பீய்ச்சல் நின்றுவிடும்.

வெட்டு சாய்வாக இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்டைத் தன் அச்சில் சற்றே திருப்பினால் சாய்வின் வேறோர் இடம் துளைக்கு நேரே வரும். பீய்ச்சல் முன்னதாகவோ பின்னதாகவோ நிற்கும். தண்டு ஏறும் தூரம் என்றும் ஒன்றுதான், எத்தனை தூரத்துக்கு அது அழுத்துகிறது என்பதுதான் மாறுகிறது. ஆறு தண்டுகளையும் ஒரே சமயத்தில் திருப்புவது பம்பின் நீளத்துக்கு ஓடும் ஒரு சட்டம். மெக்கானிக்குகள் அதை ரேக் என்பார்கள். பழைய டீசல் எஞ்சினின் பலம் முழுவதும் அந்தச் சட்டம் எவ்வளவு நகரலாம் என்பதில் அடங்கியிருக்கிறது. மேலே சொன்ன திருகுகள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அதன் நகர்வுக்கு எல்லை போடுகிறவைதான்.

எவ்வளவு டீசலைப் பற்றிப் பேசுகிறோம்? 215 குதிரைத்திறன் என்பது சுமார் 160 கிலோவாட். இத்தகைய எஞ்சின் ஒரு கிலோவாட்டை ஒரு மணி நேரம் தர ஏறத்தாழ 220 கிராம் டீசல் குடிக்கும். மணிக்கு 35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 2600 சுற்றில் ஆறு சிலிண்டரிலும் சேர்ந்து 7800 தடவை பீய்ச்சல் நடக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு தடவைக்கு 75 மில்லிகிராம், அதாவது 90 கன மில்லிமீட்டர். இரண்டு சொட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதைக் கால் மில்லிமீட்டர் அளவுள்ள சில துளைகள் வழியாக, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். இதற்காகத்தான் ஆயிரம் பார் என்ற அளவுக்கு அழுத்தம் தேவைப்படுகிறது. பம்பைக் கூட்டுவது என்றால் இந்த 90-ஐ 110 ஆக்குவது, 130 ஆக்குவது. எலிமெண்டுக்கு அது பெரிய வேலையே இல்லை. பி7100-ன் தண்டு 12 மில்லிமீட்டர் பருமன் கொண்டது. இதைவிட மிக அதிகமாகத் தள்ளும் திராணி அதற்கு உண்டு.

சிக்கல் டீசலில் இல்லை, காற்றில் இருக்கிறது. விறகு அடுப்பில் சமைத்தவர்களுக்கு இது கைவந்த அறிவு. அடுப்பு மந்தமாக எரிகிறதே என்று மேலும் மேலும் விறகைத் திணித்தால் சுடர் பெருகாது, புகைதான் பெருகும். ஊதாங்குழலை எடுத்து நாலு ஊது ஊதினால் அதே விறகு குப்பென்று பற்றிக்கொள்ளும். எஞ்சினுக்குள் இது எப்படி என்று எண்ணிப் பார்க்கலாம். இந்த எஞ்சினின் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ ஒரு லிட்டர். வெளியில் இருக்கும் சாதாரணக் காற்று ஒரு லிட்டருக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேலே எடை இருக்கும். டீசல் முழுமையாக எரிய அதன் எடையைப் போல் பதினான்கரை மடங்கு காற்று வேண்டும். 75 மில்லிகிராமுக்குக் கிட்டத்தட்ட 1.1 கிராம். அதாவது உள்ளே இருக்கும் காற்று முழுவதும், ஒரு துளி மிச்சமில்லாமல், செலவாக வேண்டும். அவ்வளவு குறைந்த நேரத்தில் ஒவ்வொரு டீசல் மூலக்கூறும் தனக்கான ஆக்சிஜனைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். புகையில்லாமல் எரிய வேண்டுமானால் இருபது மடங்காவது காற்று இருக்க வேண்டும். அதனால்தான் டர்போ.

டர்போ என்பது ஊதாங்குழல்தான். ஆனால் ஊதுவதற்கான பலத்தை அது அடுப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெளியேறும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் புதுக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. முழுப் பாரத்தில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். டர்போவும் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் அமைப்பும் சேர்ந்தால் ஒரு சிலிண்டருக்குள் ஏறத்தாழ இரண்டு கிராம் காற்று அடைபடும். 75 மில்லிகிராம் டீசலுக்கு இது இருபத்தேழு மடங்கு போல வருகிறது. இருபதே போதும் என்றால் 100 மில்லிகிராம் டீசல் எரிக்க இடம் இருக்கிறது. கணக்கில் 280 குதிரைத்திறன் பக்கத்தில் வருகிறது.

ஆகவே பம்பைக் கூட்டுகிறவர்கள் இல்லாத ஒன்றைத் தேடவில்லை. மிச்சம் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அதை யாரோ மறந்து விட்டுவைத்த மிச்சமாக நினைப்பது தவறு. கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கோடை வெயிலில் இன்னும் குறையும். காற்று வடிகட்டி அடைத்துப்போகும், நாசில் தேயும், டர்போ பழசாகும். இவை எல்லாம் ஒரே வண்டிக்கு ஒரே நாளில் நேரலாம். அந்த நாளிலும் எஞ்சின் உருகாமல் இழுக்க வேண்டும் என்று நினைத்து விட்டுவைத்ததுதான் அந்த மிச்சம். தானியங்கி கியர் வண்டிக்கு 180 என்று நிறுத்தியதற்கும் எஞ்சின் காரணம் அல்ல. அந்த கியர்பெட்டி அதற்கு மேல் முறுக்கைத் தாங்காது. குதிரைத்திறன் என்று அச்சிட்ட எண் எஞ்சின், கியர், ரேடியேட்டர், எங்கே யார் ஓட்டப்போகிறார்கள் என்பது உள்ளிட்ட எல்லாவற்றுக்குமான ஒப்பந்தம். படகு எஞ்சின் 370 கொடுக்க முடிந்தது எதனால்? அழுத்திய காற்றைக் குளிர்விக்க அதற்குக் கடல் நீரே கிடைக்கிறது. அப்படியிருந்தும் அந்த 370 இடைவிடாமல் முழு வேகத்தில் ஓடுவதற்கான எண் அல்ல.

கரும்புகை எப்படி உண்டாகிறது என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. ஒவ்வொரு டீசல் துளியும் தன்னைச் சுற்றிச் சுடரோடு தனித்தனியாக எரிகிறது என்ற சித்திரம் பாடப்புத்தகங்களில் இருந்தது. எரிதலை நேரில் பார்க்க வழியில்லையே! கலிபோர்னியாவில் உள்ள சாண்டியா தேசிய ஆய்வகத்தில் ஜான் டெக் என்ற ஆய்வாளர் அந்த வழியை உண்டாக்கினார். ஒரு கம்மின்ஸ் லாரி எஞ்சினை அடிப்படையாக வைத்த ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டனின் தலையில் கண்ணாடிச் சாளரம் பதித்தார்கள். லேசர் ஒளியை மெல்லிய தகடு போலப் பாய்ச்சி, எரியும் பீய்ச்சலைக் குறுக்காக வெட்டியதைப் போலப் படம் பிடித்தார்கள். 1997-ல் வெளியான அந்த ஆய்வு பழைய சித்திரத்தை மாற்றிவிட்டது.

டீசல் திரவமாகப் போவது இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்குத்தான். அதற்குள் சூடான காற்று கலந்து எல்லாம் ஆவியாகிவிடுகிறது. அந்த ஆவி, காற்று போதாத நிலையில், அரைகுறையாக எரியத் தொடங்குகிறது. புகைக்கரி பிறப்பது அங்கேதான், பீய்ச்சலின் நடுப்பகுதியில். வெளி விளிம்பில், புதுக்காற்று வந்து தொடும் இடத்தில், மெல்லிய சுடர்ப்படலம் ஒன்று சூழ்ந்திருக்கிறது. உள்ளே பிறந்த கரி அந்தப் படலத்தை எட்டியதும் எரிந்து போகிறது. நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினிலும் கரி பிறக்கிறது என்பதே இதிலிருந்து கிடைத்த முக்கியமான அறிவு. வெளியே வராததற்குக் காரணம், பெரும்பகுதி உள்ளேயே எரிந்துவிடுவது. பம்பைக் கூட்டும்போது இரண்டு விஷயம் ஒன்றாக நடக்கிறது. கரி அதிகமாகப் பிறக்கிறது. பீய்ச்சல் நீளுவதால் கடைசியில் பிறந்த கரிக்கு எரிய நேரம் கிடைப்பதில்லை. பிஸ்டன் கீழே இறங்க இறங்க வாயு ஆறிவிடும், எரியாத கரி புகைக்குழாய் வழியே கறுப்பாக வெளியேறும். அந்தக் கறுப்பைப் பலத்தின் அடையாளமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய எரிபொருளில் ஒரு பங்கு வேலை செய்யாமலே வெளியே போகிறது என்பதற்குத்தான் அது அடையாளம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் உறுதியாக வகைப்படுத்தியது. பந்தயத் திடலில் ஒருவர் தன் எஞ்சினை என்ன செய்தாலும் அது அவர் விருப்பம். பள்ளிக் குழந்தைகள் நிற்கும் சாலையில் அந்த விருப்பத்துக்கு இடமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இனி பம்பின் எல்லைகளுக்கு வருவோம். மிதியடியை அழுத்திய கணத்தில் டீசல் கூடிவிடும். டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தள்ள ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் புகை கக்காமல் இருக்க, பம்பின் பின்புறத்தில் ஓர் உதரவிதானம் வைத்திருக்கிறார்கள். டர்போவின் காற்றழுத்தம் ஒரு மெல்லிய குழாய் வழியே அதை அடைகிறது. அழுத்தம் ஏற ஏற உதரவிதானம் ஒரு சுருள்வில்லை எதிர்த்து நகரும். அது நகர்ந்த அளவுக்குத்தான் சட்டத்துக்கு முன்னே போக அனுமதி. காற்று வராமல் டீசல் இல்லை என்ற கட்டளையை ஒரு சவ்வும் ஒரு வில்லும் நிறைவேற்றுகின்றன. ஆர்வலர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான். வில்லின் இறுக்கத்தைக் குறைத்தால் வண்டி சட்டென்று எழும்பும், கூடவே ஒரு கரும்புகைத் திரளும் எழும்பும். உச்ச பலம் இதனால் கூடுவதில்லை, அது சீக்கிரம் வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

உச்சத்தை நிர்ணயிப்பது அந்த உதரவிதானத்துக்குக் கீழே இரண்டு திருகுகளில் நிற்கும் ஒரு சிறிய எஃகுத் தகடு. அதன் ஒரு விளிம்பு வளைவாக வெட்டப்பட்டிருக்கும். எஞ்சின் வேகம் மாறும்போது ஒரு நெம்புகோலின் நுனி அந்த விளிம்பைத் தடவிக்கொண்டே போகும். எந்த வேகத்தில் சட்டம் எதுவரை போகலாம் என்பதை அந்த வளைவு சொல்கிறது. குறைந்த வேகத்தில் டர்போ முழுசாக ஊதாது, ஆகவே அங்கே டீசல் குறைவு. நடு வேகத்தில் அதிகம், உச்ச வேகத்தில் மறுபடி குறைவு. இன்றைய எஞ்சின்களில் கணினி நினைவகத்தில் எண்களாக இருக்கும் அட்டவணை அன்று எஃகில் வெட்டிய கோடாக இருந்தது. எனக்கு இந்தத் தகட்டின் மேல் தனி மரியாதை உண்டு. ஒரு பொறியாளர் பல மாதம் சோதனைக்கூடத்தில் அளந்து கண்டதை, ஒருபோதும் அழியாத விதத்தில், கட்டைவிரல் அளவு உலோகத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆர்வலர்கள் இதை முன்னே தள்ளுவார்கள், அரத்தால் ராவி வேறு வளைவு கொடுப்பார்கள், சிலர் கழற்றியே எறிவார்கள். கழற்றினால் எல்லா வேகத்திலும் சட்டம் தன் கடைசி எல்லை வரை ஓடும். அதற்கேற்ற காற்று எல்லா வேகத்திலும் இருக்காது.

அடுத்தது கவர்னர், வேகக் கட்டுப்படுத்தி. டீசல் எஞ்சினுக்கு இது இல்லாமல் முடியாது. காற்றுவழி எப்போதும் திறந்திருப்பதால், டீசலை நிறுத்த ஆளில்லையென்றால் எஞ்சின் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும்வரை வேகமெடுக்கும். பம்பின் தண்டோடு சுழலும் எடைகள் வேகம் கூடும்போது வெளியே விரிகின்றன. வில்லின் இழுப்பை மீறி விரிந்ததும் சட்டத்தைப் பின்னே இழுக்கின்றன. டாட்ஜ் வண்டியில் 2500 சுற்றை ஒட்டியே டீசலைக் குறைக்கத் தொடங்கும். கடினமான வில்லைப் போட்டால் இன்னும் மேலே, 3000 சுற்றுக்கு அப்பாலும் இழுக்கும். அங்கே வால்வு வில்கள் தடுமாறத் தொடங்கும். வேகமாகத் திறந்து மூடும் வால்வை, அதைத் தள்ளித் திறக்கும் கேமுடன் ஒட்டி வைக்க அவற்றுக்குப் பலம் போதாது. அதனால் அந்த வில்களையும் மாற்ற வேண்டியிருக்கும். ஓர் எல்லையை நகர்த்தியதும் அதற்குப் பின்னால் நிற்கும் அடுத்த எல்லை தெரிகிறது.

பீய்ச்சல் தொடங்கும் நேரம், டைமிங், இவற்றில் மிக நுட்பமானது. இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன். இப்படி எலிமெண்டுகள் வரிசையாக நிற்கும் பம்பு வைத்த எந்த லாரி எஞ்சினையும் பார்த்தால், பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் எஃகுக் குழாய்கள் பக்கத்தில் இருக்கும் சிலிண்டருக்கும் வளைந்து வளைந்து போவது தெரியும். நேராகப் போட்டிருந்தால் குழாய் மிச்சமாகியிருக்கும். ஏன் வளைக்கிறார்கள்? எல்லாக் குழாயும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்பதற்காக. பம்பு அழுத்தியதும் நாசிலில் உடனே டீசல் வந்துவிடாது. அழுத்தம் ஓர் அலையாகக் குழாய்க்குள் ஓடிப் போய்ச் சேர வேண்டும். டீசலில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1300 மீட்டருக்குச் சற்று மேல். அரை மீட்டருக்கு மேல் நீளமான குழாயைக் கடக்க அலைக்கு ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். கேட்க அற்பமாகத் தோன்றும். 2600 சுற்றில் அதற்குள் எஞ்சினின் தண்டு ஏறத்தாழ எட்டு டிகிரி திரும்பிவிடும். குழாய்களின் நீளம் வேறுபட்டால் ஆறு சிலிண்டரும் ஆறு நேரத்தில் எரியத் தொடங்கும். திரவம் அமுங்காது என்று பள்ளியில் படித்ததும் இங்கே முழு உண்மை அல்ல. ஆயிரம் பார் அழுத்தத்தில் டீசலின் கன அளவு ஏறத்தாழ ஐந்து சதவீதம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டவும் நேரம் போகிறது. சிலிண்டருக்குள் வந்த டீசல் சூடாகிப் பற்றுவதற்கு இன்னொரு தாமதம் உண்டு.

ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குப் பன்னிரண்டு, பதினான்கு டிகிரி முன்பே பம்பு வேலையைத் தொடங்க வேண்டும். வேகம் கூடினால் இன்னும் முன்னதாகத் தொடங்குவது நல்லது. சில பம்புகளில் அதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. டாட்ஜில் வந்த பி7100-ல் அது இல்லை. எல்லா வேகத்துக்கும் ஒரே டைமிங். குறைந்த வேகத்துக்கும் உச்ச வேகத்துக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம் அது. டீசலைக் கூட்டியவர்கள் டைமிங்கையும் முன்தள்ளுவார்கள். அதிக டீசல் பீய்ச்ச அதிக நேரம் பிடிக்கும், பின்பகுதி தாமதமாக எரிந்து வெப்பம் புகைக்குழாயில் வீணாகும் என்பது அவர்கள் நியாயம். நியாயம் சரியானது. விலை வேறிடத்தில் கொடுக்க வேண்டும். பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும்போதே எரிதல் வலுத்துவிடுவதால் சிலிண்டரின் உச்ச அழுத்தம் பாய்ந்து ஏறுகிறது. சிலிண்டரின் மூடியை இறுக்கும் ஹெட் போல்ட் நீளுகிறது, இடையில் உள்ள கேஸ்கட் விடுகிறது. புகை குறையும், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடும். நாசிலுக்குப் போகும் குழாயின் தொடக்கத்தில் இருக்கும் டெலிவரி வால்வை மாற்றுவதும் இந்த வகைதான். பீய்ச்சல் முடிந்ததும் குழாயின் அழுத்தத்தைச் சட்டென்று இறக்கி, நாசில் சொட்டாமல் காப்பது அதன் வேலை. தவறான வால்வைப் போட்டால் அலை திரும்பிவந்து நாசிலை மறுபடி திறக்கும். நேரங்கெட்டு விழும் அந்தச் சொட்டு புகையாக மட்டுமே முடியும்.

டைமிங்கை எப்படி அறிகிறார்கள்? மிகப் பழைய முறை இன்றும் பட்டறைகளில் இருக்கிறது. முதல் சிலிண்டரின் டெலிவரி வால்வை எடுத்துவிட்டு, வளைந்த சிறு குழாயைப் பொருத்தி, டீசலை மெல்ல ஓடவிடுவார்கள். எஞ்சினைக் கையால் சிறிது சிறிதாகத் திருப்புவார்கள். உந்துதண்டு பக்கத் துளையை மூடும் கணத்தில் ஒழுக்கு சொட்டாகி, சொட்டு நின்றுபோகும். அப்போது சக்கரத்தின் குறியைப் படித்தால் பீய்ச்சல் எத்தனை டிகிரியில் தொடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

எல்லா எல்லைகளுக்கும் பின்னால் கடைசியாக நிற்பது வெப்பம். டீசலின் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்குதான் தண்டுக்குப் போகிறது. மீதி புகையோடும் ரேடியேட்டரோடும் போக வேண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. அது 600 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே உருகத் தொடங்கும். சுடரின் வெப்பம் 2000 டிகிரிக்கு மேல். பிஸ்டன் பிழைத்திருப்பது சுடர் கணநேரம்தான் இருக்கிறது என்பதாலும், அடுத்து வரும் புதுக்காற்று குளிர்விப்பதாலும், கீழிருந்து எஞ்சின் ஆயில் அதன் அடிவயிற்றில் பீய்ச்சப்படுவதாலும்தான். டீசல் கூடி, காற்றின் விகிதம் குறைந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் தவறிப்போகும். அதைக் காட்டிக்கொடுக்கும் கருவி, புகை வெளியேறும் மேனிஃபோல்டில் துளையிட்டுப் பொருத்தும் வெப்பமின் இரட்டை. இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனை சூடாகும்போது பிறக்கும் சிறு மின்னழுத்தத்தை அது டிகிரியாகக் காட்டும். டர்போவுக்கு முன்னால் 675 டிகிரி அளவில் நீடித்து நிற்கக் கூடாது என்பது ஆர்வலர்கள் பட்டறிந்து ஒப்புக்கொண்ட எல்லை. நீடித்து என்பதுதான் இங்கே முக்கியம். காலி வண்டியில் பத்து விநாடி பாய்ந்தால் உலோகம் சூடாகும் முன்பே ஓட்டம் முடிந்துவிடும். அதே அமைப்போடு பாரவண்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் மலையேறினால் பிஸ்டனின் விளிம்பு கரையும். பந்தயத்தில் வென்ற பம்பு மலைப்பாதையில் எஞ்சினைக் கொன்றது என்றால் அதில் முரண் எதுவும் இல்லை.

எனவே இந்த வேலையைத் தெரிந்து செய்கிறவர்கள் முதலில் டீசலைத் தொடுவதில்லை. வெப்பமானியையும் டர்போ அழுத்தமானியையும் பொருத்துவார்கள். அடுத்து காற்றைக் கூட்டுவார்கள், பெரிய வடிகட்டி, நல்ல குளிர்விப்பான், தேவையானால் பெரிய டர்போ. டீசல் அதற்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, அந்த இரண்டு முள்ளையும் பார்த்துக்கொண்டே.

ஆனால் வெப்பமானிக்கும் தெரியாத ஒன்று உண்டு. இந்த எஞ்சினின் மேனிஃபோல்டு இரண்டாகப் பிரிந்தது. முன் மூன்று சிலிண்டரின் புகை ஒரு பக்கமும் பின் மூன்றின் புகை மறுபக்கமும் போகிறது. ஒரு பக்கத்தில் பொருத்திய வெப்பமானி மூன்று சிலிண்டரின் கலவையைத்தான் படிக்கிறது. அவற்றில் ஓர் எலிமெண்ட் மட்டும் பத்து சதவீதம் கூடுதலாகப் பீய்ச்சினால் அந்தச் சிலிண்டர் மட்டும் வெந்துகொண்டிருக்கும். முள் சாதுவாகவே நிற்கும். மறுபக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் முள்ளுக்கு அது தெரியவே தெரியாது. 90 கன மில்லிமீட்டரில் ஒன்பது கூடுதலா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. இதற்குத்தான் பம்பைக் கழற்றி, நம்மூர் எஃப்.ஐ.பி. பட்டறைகளிலும் இருக்கும் அந்தச் சோதனை மேசையில் ஏற்றுகிறார்கள். ஒரு மோட்டார் பம்பைச் சுழற்றும். சோதனை எண்ணெயை 40 டிகிரியில் பிடித்து வைத்திருப்பார்கள், சூடு மாறினால் அளவும் மாறிவிடும் என்பதால். ஆறு நாசிலுக்கும் கீழே ஆறு அளவுக் குழாய்கள். ஆயிரம் பீய்ச்சல் ஆனதும் எண்ணெய் தானாக நின்றுவிடும். இரண்டு சொட்டுக்கும் குறைவானது ஆயிரம் மடங்காகி 90 மில்லிலிட்டராகக் கண்ணாடியில் நிற்கும். ஐந்து குழாயில் 90-ம் ஆறாவதில் 99-ம் இருந்தால் அந்த எலிமெண்டைப் பிடித்திருக்கும் விளிம்புத்தகட்டைத் தளர்த்தி, நூலளவு திருப்பி, மறுபடி ஆயிரம் ஓட்டுவார்கள். ஆறும் ஒரே மட்டத்தில் நின்ற பிறகுதான் பம்பு எஞ்சினுக்குத் திரும்புகிறது, கூட்டுவதைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது.